கொஞ்சம் அக்கட்ட போய் வெளையாடுங்க

கோயம்புத்தூர்க்காரர் யாரையும் விரட்ட மாட்டார். அது எங்கள் வழக்கத்திலேயே இல்லை. "ஏனுங் தம்பி, கொஞ்சம் அக்கட்ட போயி வெளையாடுங்க" என்பார். எட்டு வயதுப் பையனுக்கும் 'ங்க' உண்டு. பையனும் "செரீங்" என்று ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு அக்கட்ட போவான். அங்கே இன்னொரு பெரியவர் நிற்பார். அவரும் மரியாதை குறையாமல் இன்னும் கொஞ்சம் அக்கட்ட கை காட்டுவார். ஐம்பது வருஷமாக இப்படியே 'ங்க' போட்டு நகர்த்தி நகர்த்தி, இந்த ஊர்ப் பிள்ளைகளின் விளையாட்டை மொட்டை மாடிக்கும் கைப்பேசிக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டோம். ஒருத்தர் வாயிலிருந்தும் ஒரு கெட்ட வார்த்தை வரவில்லை. வேறெந்த ஊர்க்காரனால் இது முடியும்?

எங்கள் நகரில் ஒரு ரிசர்வ் சைட் இருந்தது. வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். காட்டை வாங்கி மனை பிரித்து விற்பவர், ரோட்டுக்குப் போக மிச்சத்தில் பத்தில் ஒரு பங்கைப் பொது உபயோகத்துக்கு என்று விட்டு, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். மனைப்பிரிவு 10,000 சதுர மீட்டருக்கு மேல் போனால் இடமாகவே கொடுத்தாக வேண்டும். 3,000 சதுர மீட்டரிலிருந்து அதுவரைக்கும் என்றால், இடத்துக்குப் பதிலாக வழிகாட்டி மதிப்பைக் கணக்குப் போட்டுப் பணமாகக் கட்டிவிட்டும் போகலாம். அப்படிக் கட்டிவிட்டால் பிள்ளைகள் அந்த ரசீதின் மேல் ஓடி விளையாடிக்கொள்ள வேண்டியதுதான்.

எங்களுக்கு விட்டது 52 சென்ட். ஒரு வேப்ப மரம், இரண்டு வேலமரம், மிச்சமெல்லாம் கொழிஞ்சியும் நெருஞ்சியும். நெருஞ்சி குத்திய காலோடுதான் நாங்கள் பந்து பொறுக்கக் கற்றுக்கொண்டோம். காலை ஏழு மணிக்கு இறங்கினால் அம்மா வந்து காதைத் திருகி இழுத்துப்போகும் வரைக்கும் ஆட்டம். மில்லில் ஷிப்டு முடிந்து வரும் அண்ணன்மார் சைக்கிளை வேப்ப மரத்தில் சாய்த்துவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆறு பந்து போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள்.

முதலில் வந்தவர் பிள்ளையார். எந்த ரிசர்வ் சைட்டிலும் அவர்தான் முதலில் வருகிறார். வேப்ப மரத்தடியில் ஒரு செங்கல்லை நட்டு ஒரு வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசினார்கள். அடுத்த தை மாதம் மேலே ஒரு தகரக் கொட்டகை. நாலு வருஷத்தில் கும்பாபிஷேகமே நடந்துவிட்டது. லாங் ஆன் அவருக்குப் போயிற்று. சாமி விஷயம், யார் பேசுவது? அப்புறம் டீப் மிட்விக்கெட்டில் மேல்நிலைத் தொட்டி. தண்ணீர் வேண்டாம் என்று எவனாவது சொல்வானா? அந்தத் தொட்டிக்கு மனுக் கொடுத்தவர்களில் என் கையெழுத்து ஏழாவது. பாயிண்டில் டிரான்ஸ்பார்மர் வந்தது. கவரில் நலச் சங்கக் கட்டடம் எழும்பியது. உள்ளே நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு ஸ்டீல் பீரோ, திறப்பு விழாக் கல்வெட்டில் பதினெட்டுப் பெயர். தேர்டுமேனில் குப்பையை உரமாக்கும் கொட்டகை வந்தபோது ஃபீல்டிங் நிற்கப் போன பையன் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றான்.

பையன்கள் சண்டைக்குப் போகவில்லை. அவர்களும் கோயம்புத்தூர்ப் பிள்ளைகள்தானே, சட்டத்தை மாற்றிக்கொண்டார்கள். தொட்டித் தூணில் பட்டால் ரெண்டு ரன். சங்கத்து ஜன்னலில் பட்டால் எல்லாரும் ஓட்டம். டிரான்ஸ்பார்மர் வேலிக்குள் போனால் ஆட்டம் முடிந்தது. கோயிலுக்குள் விழுந்தால் அடித்தவன் அவுட், செருப்பைக் கழற்றிவிட்டு அவனேதான் போய்ப் பந்தை எடுத்து வர வேண்டும். ஒருத்தன் எடுக்கப் போன இடத்தில் பொங்கல் வாங்கித் தின்றுவிட்டு அரை மணி நேரம் கழித்து வந்தான். நல்ல பேட்ஸ்மேன் அவன். இப்போது துபாயில் ஏ.சி. மெக்கானிக்.

மிச்சம் இருந்த இடத்துக்கு ஒருநாள் விமோசனம் பிறந்தது. கம்பி வேலி போட்டு, நாலு சிமெண்ட் பெஞ்ச் வைத்து, கால் ஆட்டும் கருவி, இடுப்புத் திருப்பும் கருவி எல்லாம் நட்டு, வாசலில் 'சிறுவர் பூங்கா' என்று வளைவு வைத்தார்கள். வளைவுக்குக் கீழே ஒரு பலகை: 'இங்கு சிறுவர்கள் விளையாடக் கூடாது.' நான் ஜோடிக்கவில்லை. சிறுவர் பூங்காவில் சிறுவர் கூடாது. பக்கத்தில் ஷட்டில் கோர்ட் ஒன்று போட்டுப் பூட்டியும் வைத்திருக்கிறார்கள். "சாவி பொருளாளர்ட்ட இருக்குதுங். அவரு பையன் ஊட்டுக்கு அமெரிக்கா போயிருக்கறாருங். ஐப்பசிக்கு வந்துருவாருங்" என்றார் காவல்காரர். அப்போது வைகாசி.

கவனித்துப் பாருங்கள், இதில் யாரும் எதையும் திருடவில்லை. வேலி தாண்டி வீடு கட்டிய கதை ஊரில் ஏராளம். மாநகராட்சி அவ்வப்போது பொக்லைன் கொண்டுபோய் மீட்பதும், பேப்பரில் படம் வருவதும், அடுத்த வருஷம் அதே இடத்தை மறுபடி மீட்பதும் தனிக் கதை. எங்கள் சைட்டில் அந்த அசிங்கமெல்லாம் இல்லை. சாமிக்கு, தண்ணிக்கு, கரண்டுக்கு, சங்கத்துக்கு, சுகாதாரத்துக்கு என்று எல்லாமே நல்ல காரியத்துக்குத்தான் போனது. ஒவ்வொரு நல்ல காரியத்தின் போதும் சொல்லப்பட்ட வாசகம் ஒன்றே ஒன்று: "எடம் சும்மாதானுங் கெடக்குது."

இந்தச் 'சும்மா'வைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. கோயம்புத்தூரில் நிலத்தைச் சென்ட்டில் அளக்கிறோம். காலையில் பேப்பர் பார்க்கும் முன்னால் சென்ட் விலையைப் பார்க்கிற ஊர் இது. நாலு பேர் கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருந்தால், சாம்பார் வருவதற்குள் சரவணம்பட்டியில் என்ன ரேட், கோவில்பாளையத்தில் என்ன ரேட் என்று முடிந்திருக்கும். சரவணம்பட்டியில் ஒருத்தர் பத்து சென்ட் வாங்கிக் கம்பி வேலி போட்டு, பன்னிரண்டு வருஷம் சீமைக் கருவேலம் வளர்த்தால் அதற்கு முதலீடு என்று பெயர். லாக்கரில் தூங்கும் நகைக்குச் சேமிப்பு என்று பெயர். சாயங்காலம் நாற்பது பிள்ளைகள் வேர்க்க விறுவிறுக்க ஓடுகிற 52 சென்ட்டுக்கு மட்டும் சும்மா கிடக்கிற இடம் என்று பெயர். பிள்ளைகள் ஓடுவது இந்த ஊர் அகராதியில் ஒரு காரியமே இல்லை. ஓடுவதற்கு வாடகை வராது, வட்டி வராது, கல்வெட்டில் பெயர் பொறிக்க முடியாது.

சரி, வார்டு மைதானம் சின்ன விஷயம், ஊருக்கு நடுவே பெரிதாக என்ன வைத்திருக்கிறோம் என்று பார்ப்போம்.

வ.உ.சி. மைதானம். அந்தப் பெயரை ஒரு நிமிஷம் நினைக்க வேண்டும். 1908 இல் ஆயுள் தண்டனை வாங்கிய சிதம்பரம் பிள்ளையைக் கோவைச் சிறையில் மாடு இழுக்கிற செக்கில் பூட்டினார்கள். அந்தச் செக்கை நினைவுச் சின்னமாக வைத்து மாலை போடுகிறோம். வெயிலில் ஒரே வட்டத்தில் சுற்ற வைக்கப்பட்டவர் பெயரை ஒரு திடலுக்கு வைத்தால், அதிலாவது நம் பிள்ளைகள் இஷ்டத்துக்கு ஓட வேண்டாமா? அங்கேயும் சுற்றத்தான் விட்டிருக்கிறோம். பொருட்காட்சி வந்தால் இராட்டினம் சுற்றும். சர்க்கஸ் வந்தால் கூண்டுக்குள் மோட்டார் சைக்கிள் சுற்றும். கட்சி மாநாடு வந்தால் பந்தல்காரர், சுதந்திர தினம் வந்தால் அணிவகுப்பு. எல்லாரும் கிளம்பிய பின்னால் திடலில் மிச்சம் இருப்பவை: கம்பு ஊன்றிய குழி, துருப்பிடித்த ஆணி, டெல்லி அப்பளம் பொரித்த எண்ணெய் ஊறிக் கறுத்த மண். குழியை மூடும் வேலை எந்த டெண்டரிலும் வராது. கிரிக்கெட் ஆட வருகிற பையன்கள்தான் காலால் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு ஸ்டம்பு நடுகிறார்கள். அடுத்த பொருட்காட்சிக்கு இலவசமாக நிலம் தயார்.

வேறு ஊரில் எப்படி என்று பாருங்கள். 1988 பிப்ரவரியில் மும்பை ஆசாத் மைதானத்தில் இரண்டு பள்ளிக்கூடப் பையன்கள் ஹாரிஸ் ஷீல்டு ஆட்டத்தில் அவுட்டே ஆகாமல் 664 ரன் சேர்த்தார்கள். டெண்டுல்கர், காம்ப்ளி. அந்த மைதானத்தைச் சுற்றி ஒரு சென்ட் என்ன விலை போகும் என்று நம் ஆட்கள் கணக்குப் போட்டால் கால்குலேட்டரில் கட்டம் போதாது. ஆனாலும் பம்பாய் அதைப் பையன்களுக்கு விட்டு வைத்திருந்தது. நம் ஊராக இருந்தால் நூறு ரன் தாண்டும்போது ஷாமியானாக்காரர் வந்து, "ஏனுங் தம்பி, சாயங்காலம் மீட்டிங் இருக்குதுங், கொஞ்சம் அக்கட்ட..." என்றிருப்பார். டெண்டுல்கரும் "செரீங்" என்று பேடைக் கழற்றியிருப்பார்.

ஒரே ஒரு தடவை நம் வ.உ.சி. மைதானம் விளையாட்டுக்காகவே நிரம்பி வழிந்தது. 2017 ஜனவரியில். மாட்டு விளையாட்டுக்காக. ஜல்லிக்கட்டுத் தடையை நீக்கச் சொல்லிப் பிள்ளைகள் ராப்பகலாக அங்கே உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் பக்கத்துக்கு ரேக்ளாதான் சொந்தம். 200 மீட்டர், 300 மீட்டர் என்று காங்கேயம் காளைகள் பறக்கிற பந்தயம். உச்ச நீதிமன்றத்தின் 2014 மே மாதத் தீர்ப்பில் அதற்கும் சேர்த்துத்தான் பூட்டு விழுந்திருந்தது. ஜனவரி 23 ஆம் தேதி போலீஸ் வந்து திடலைக் காலி செய்தது. அன்றைக்கு 'ங்க' எல்லாம் போடவில்லை. ஆனால் காளை ஜெயித்துவிட்டது. அவசரச் சட்டம், அப்புறம் சட்டசபையில் சட்டம், 2023 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்து அது செல்லும் என்று தீர்ப்பு. சந்தோஷம்தான், காளை ஓடட்டும். காளை ஓடுவதற்கு அவசரச் சட்டம் கொண்டுவர முடிகிற நாட்டில், அதற்காகத் தெருவில் உட்கார்ந்த பிள்ளை ஓடுவதற்கு ஒரு அரசாணை கூடப் பிறப்பதில்லை.

மைதானத்துக்குப் பக்கத்திலேயே வ.உ.சி. உயிரியல் பூங்கா. 2022 இல் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் அதற்குக் கொடுத்திருந்த அங்கீகாரத்தை ரத்து செய்துவிட்டது. காரணம், போதிய இடம் இல்லை. மிருகத்துக்கும் பறவைக்கும் நடமாட இவ்வளவு இடம் வேண்டும் என்று டெல்லியில் விதி இருக்கிறது, பார்க்க ஆணையம் இருக்கிறது, குறைந்தால் உரிமம் போகிறது. நல்ல ஏற்பாடு. கூண்டுக்கு இந்தப் பக்கம் நின்று வேர்க்கடலை தின்ற பையனுக்கு எத்தனை சதுர அடி என்று கேட்டு ஒரு ஊரின் அங்கீகாரத்தை ரத்து செய்கிற ஆணையம் மட்டும் இன்னும் வரவில்லை. வந்தால் கோயம்புத்தூருக்கு முதல் நோட்டீஸ்.

விதியே இல்லையா என்றால் இருக்கிறது. 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளிக்கூடம் என்றால் விளையாட்டு மைதானம் இருக்க வேண்டும் என்கிறது. நம் ஊர் மெட்ரிக் பள்ளிகள் சிலவற்றில் அந்த மைதானம் இண்டர்லாக் கல் பதித்த இருபது சென்ட். காலையில் பிரேயர், பகலில் பஸ் ஸ்டாண்ட். விழுந்தால் முட்டி சிதறும் என்பதால் ஓடவும் தடை. ஃபீஸ் ரசீதில் மட்டும் 'ஸ்போர்ட்ஸ்' என்று தனி வரி தவறாமல் வரும்.

நேரு ஸ்டேடியத்துக்கு வருவோம். 1971 இல் வந்தது. நகர ஊரமைப்புச் சட்டமும் 1971 ஆம் ஆண்டுச் சட்டம்தான். இரண்டும் ஒரே வயது, இரண்டின் விதியும் கிட்டத்தட்ட ஒன்றே. வெளியூரிலிருந்து வந்த நண்பர் ஒருவர் ஆட்டோக்காரரிடம் ஸ்டேடியம் போகணும் என்றாராம். "என்னங் வண்டி? சீட் கவரா, மியூசிக் சிஸ்டமா?" என்று கேட்டாராம் ஆட்டோக்காரர். அவர் மேல் தப்பில்லை. கேலரிக்குக் கீழே சுற்றிலும் கடைகள்; காருக்குச் சட்டை மாட்டுவதும் கண்ணாடிக்குக் கறுப்பு ஒட்டுவதும் பாட்டுப் பெட்டி வைப்பதும் அங்கேதான். கோயம்புத்தூரில் புதுக் கார் வாங்கிய எவரும் ஸ்டேடியத்துக்குப் போகாமல் இருந்திருக்க மாட்டார். உள்ளே போனவர் எத்தனை பேர்? கடைக்காரர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, அவர்கள் வாடகை கட்டிப் பிழைக்கிறார்கள். ஒரு விளையாட்டரங்கத்துக்குத் தன்னைத் தாங்கிக்கொள்ள வாடகை வேண்டும், அதனால் முதலில் கடை, அப்புறம் கேலரி, கடைசியில் ஓட்டப் பாதை என்று யோசிக்கிற மூளை இருக்கிறதே, அதன் மேல்தான்.

அந்த ஸ்டேடியம் ஒரு சாயங்காலம் இந்தியாவுக்கே தெரிந்தது. 2019 மார்ச் 9. அந்தப் பருவத்து ஐ லீக் கால்பந்தின் கடைசி நாள் ஆட்டம். மினர்வா பஞ்சாப் முதலில் கோல் போட்டுவிட்டது. பாதி ஆட்டம் முடிந்தும் அப்படியே. அப்புறம் பெட்ரோ மான்சி ஒரு பெனால்டி, கௌரவ் போரா இரண்டு கோல். 3-1. ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் தாண்டிக் கோப்பை. கேலரி ஆடிய ஆட்டத்தில் கீழே சீட் கவர்களெல்லாம் குலுங்கியிருக்கும். கோப்பையைத் தூக்கிய அணியின் பெயர் என்ன தெரியுமா? சென்னை சிட்டி. கோயம்புத்தூர் மண்ணில், கோயம்புத்தூர் ஜனம் தொண்டை கிழியக் கத்தி, சென்னை ஜெயித்தது! நாங்களும் கைதட்டிவிட்டு வந்தோம். இடம் கொடுத்துப் பெயரை விட்டுவிடுகிற பழக்கம் ரிசர்வ் சைட் காலத்திலிருந்தே எங்களுக்கு உண்டு. 2021 க்குப் பிறகு அந்த லீக்கில் அந்த அணியே இல்லை. இரண்டு வருஷத்தில் ஒரு சாம்பியன் காணாமல் போனதற்கு ஊரில் ஒரு துக்கம் விசாரிப்புக் கூட நடக்கவில்லை. சென்னைக்காரர்கள் பாடு என்று இருந்துவிட்டோம்.

ரேஸ்கோர்ஸைச் சொல்லாமல் விட்டால் அங்கே நடக்கிறவர்கள் கோபித்துக்கொள்வார்கள். வெள்ளைக்காரன் குதிரை ஓட்டிய இடம். இன்றைக்கு இரண்டரை கிலோமீட்டர் நடைபாதை, ஸ்மார்ட் சிட்டிக் காசில் பளபளப்பு, விளக்கு, சிற்பம், செல்ஃபி எடுக்க மூலை. அதிகாலை ஐந்து மணிக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டு வலி என்று வரிசையாக வட்டம் சுற்றும். பத்து வயதில் ஓட இடம் கொடுக்காத ஊர், ஐம்பது வயதில் நடக்க நல்ல கல் பதித்துத் தருகிறது. 2016 ஜனவரியில் முதல் 20 ஸ்மார்ட் நகரங்களில் ஒன்றாக நம்மைத் தேர்ந்தெடுத்ததிலிருந்து குளக்கரையெல்லாம் இதே அலங்காரம்தான். தண்ணீர் வற்றிய குளத்துக்குள் இறங்கிக் கிரிக்கெட் ஆடிய தலைமுறை கரைமேல் காசு போட்டுச் சமைத்த அழகைக் கம்பிக்கு வெளியே நின்று பார்க்கிறது.

இதுவரைக்கும் பையன்கள், பையன்கள் என்றே எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். வேண்டுமென்றுதான். எங்கள் 52 சென்ட்டில் ஒரு பெண் பிள்ளை ஒரு பந்து போட்டு நான் பார்த்ததில்லை. அவர்களை யாரும் அக்கட்ட போகச் சொன்னதில்லை, உள்ளே விட்டிருந்தால்தானே சொல்வதற்கு. பத்து வயது வரைக்கும் பாண்டி ஆட வாசற்படி. அப்புறம் கோலம் போட அதே வாசற்படி. மைதானம் சுருங்கிச் சுருங்கி வாசலளவு ஆகிவிட்டது என்று இன்று நாங்கள் ஒப்பாரி வைக்கிறோமே, அவர்களுக்கு அது எப்போதுமே அந்த அளவுதான். இந்த அநியாயத்துக்கு மாநகராட்சியும் காரணமில்லை, பிள்ளையாரும் காரணமில்லை. எங்கள் அம்மா, அப்பா, அண்ணன்கள், நான்.

அரசாங்கம் சும்மா இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. அது பை கொடுக்கிறது. ஒரு ஆட்சியில் 'அம்மா' பெயரில் கிராம இளைஞர்களுக்கு விளையாட்டுத் திட்டம். அடுத்த ஆட்சியில், 2024 இல், 'கலைஞர்' பெயரில் விளையாட்டு உபகரணத் தொகுப்பு. 12 ஆயிரத்துச் சொச்சம் ஊராட்சிகளுக்கு மட்டை, பந்து, வலை எல்லாம். பெயர் மாறும், பை மாறாது. பையை வாங்கிய ஊராட்சித் தலைவர் பீரோவில் வைத்துப் பூட்டினார், சாவி பத்திரமாக இருக்கிறது. ஆட இடம் எங்கே என்று கேட்டால், அது வேறு துறை. தொகுதிக்கு ஒரு மினி ஸ்டேடியம் என்று 234 க்கும் சேர்த்து அறிவித்தும் ஆயிற்று. அறிவிப்புக்கு நிலம் தேவைப்படாது என்பது அதன் பெரிய வசதி.

நிலம் யாரிடம் இருக்கிறது என்று நம் தலைவர்கள் ஊரெல்லாம் தேடிக் கடைசியில் கண்டுபிடித்துவிட்டார்கள். சிறைத் துறையிடம். 2010 ஜூனில் செம்மொழி மாநாடு இங்கே நடந்தபோது மத்திய சிறை வளாகத்தில் செம்மொழிப் பூங்கா என்றார்கள். அடிக்கல் நட்டது 2023 டிசம்பரில். அறிவிப்பின் போது இடுப்பில் இருந்த குழந்தைக்கு அடிக்கல்லின் போது மீசை அரும்பிவிட்டது. 2024 ஏப்ரலில் ஓட்டுக் கேட்கும் சுறுசுறுப்பில் அப்போதைய முதலமைச்சர் கோவைக்குச் சர்வதேசக் கிரிக்கெட் மைதானம் என்று வாக்குக் கொடுத்தார். அதற்குப் பார்த்த இடம் ஒண்டிப்புதூர், திறந்தவெளிச் சிறை நிலம். நூறு வார்டுள்ள மாநகரத்தில் இடத்தை இடமாகவே விட்டு வைத்திருந்த ஒரே ஆட்கள் ஜெயில்காரர்கள்! அங்கே பிள்ளையார் செங்கல் முளைக்கவில்லை, நலச் சங்கம் முளைக்கவில்லை. ஒரு மைதானத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் காவலும் கைதியும் வேண்டும் போலிருக்கிறது. அந்த அரங்கத்தில் எத்தனை ஆயிரம் பேர் உட்காரலாம் என்று ஊரே கணக்குப் போடுகிறது. ஆடப்போவது 22 பேர். மற்றவர்கள் டிக்கெட் வாங்கி உட்காரலாம். உட்காருவதற்கு இந்த ஊரில் இடத்துக்குப் பஞ்சமே வந்ததில்லை.

காசுள்ள பையன்களுக்கு வழி பிறந்துவிட்டது. மூலைக்கு மூலை டர்ஃப். பச்சைப் பிளாஸ்டிக் புல், சுற்றிலும் வலை, தலைக்கு மேலேயும் வலை, ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று ஆப்பில் கட்டிவிட்டு உள்ளே போக வேண்டும். மணி முடிந்தால் விசில். மெக்கானிக் கடைப் பையன்கள் பத்துப் பேர் ஆளுக்கு நூறு ரூபாய் போட்டு மாதம் ஒரு தடவை ராத்திரி பதினொரு மணிக்கு ஆடுகிறார்கள். அந்த நேரத்துக்கு ரேட் கம்மி. வெளியே நின்று வலை வழியாகப் பார்க்கிற சின்னவன்கள் பந்து வெளியே வந்தால் எடுத்துத் தரலாம் என்று காத்திருக்கிறார்கள். மேலேயும் வலை இருப்பதால் பந்து வெளியே வருவதில்லை.

கொங்கு நாட்டில் மைதானம் உண்டாக்க நிச்சயமான வழி ஒன்றை மட்டும் நான் கண்டிருக்கிறேன். சேலம் பக்கம் சின்னப்பம்பட்டியில் பிறக்க வேண்டும். டென்னிஸ் பந்தில் யார்க்கர் போட்டுப் பழக வேண்டும். ஐ.பி.எல். வழியாக ஏறி, வலைப்பயிற்சிக்குப் பந்து வீச என்று ஆஸ்திரேலியா போன இடத்தில் ஒரே சுற்றுப்பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் இந்தியாவுக்கு ஆடிவிட வேண்டும். அதன் பிறகு சொந்த ஊருக்கு வந்து, சொந்தக் காசைப் போட்டு, மைதானம் அமைக்க வேண்டும். நடராஜன் அதைத்தான் செய்தார்; 2023 ஜூனில் திறப்பு விழா நடந்தது. ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆட ஒரு இடம் கொடுக்க ஊராட்சி, ஒன்றியம், மாவட்டம், மாநிலம் என்று இத்தனை அடுக்கு இருக்க, கடைசியில் அதற்கு ஒரு மனிதன் சிட்னி வரைக்கும் போய் வர வேண்டியிருந்தது. இதைப் பெருமையாகப் பேசுகிறோம். நியாயமாக வெட்கப்பட வேண்டும்.

"எல்லாம் முடிஞ்சு போச்சுங், இனி என்னங் பண்றது" என்பது எங்கள் ஊரின் இன்னொரு மரியாதையான வாசகம். முடியவில்லை. பெங்களூரில் பூங்காவுக்கு என்று ஒதுக்கிய இடத்தை ஒரு தனியார் மருத்துவமனைக்குத் தூக்கிக் கொடுத்தது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1991 இலேயே சொல்லிவிட்டது. வழக்குப் போட்டவர்கள் அக்கம்பக்கத்துக் குடியிருப்புக்காரர்கள்தான், தலைவர்கள் இல்லை. மருத்துவமனையை விட நல்ல காரியம் உண்டா? அதற்கே முடியாது என்றார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை டேப் எடுத்துக்கொண்டு எங்கள் சைட்டை அளக்கப் போனேன். 52 இல் மிச்சம் ஐந்தே முக்கால் சென்ட். அதிலும் நாலு கார் நின்றிருந்தது. வெள்ளை நிறத்தில் இருந்தது என்னுடையது. தொட்டித் தூணுக்கும் சங்கத்துச் சுவருக்கும் நடுவில் மூன்று பையன்கள் ஒரு சுவரையே ஸ்டம்பாக வைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் மட்டையைத் தாழ்த்திவிட்டு, "வண்டி எடுக்கறீங்களாங் அங்கிள்?" என்று அக்கட்ட நகர்ந்து நின்றார்கள். நான் இன்னும் வாயே திறக்கவில்லை.

உங்கள் வீட்டுப் பத்திரத்தோடு மனைப்பிரிவு வரைபடம் ஒன்று மடித்து வைத்திருப்பீர்கள். இன்றைக்கு அதை எடுத்து விரியுங்கள். ஒரு மூலையில் 'பூங்கா' என்றோ 'விளையாட்டுத் திடல்' என்றோ பொது உபயோகம் என்றோ ஒரு கட்டம் இருக்கும், அளவும் எழுதியிருக்கும். நேரில் போய்க் காலடி வைத்தாவது அளந்துவிட்டு, அந்த இடத்தின் தானப் பத்திர நகலும் இப்போதைய உபயோகமும் கேட்டு மாநகராட்சிக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதுங்கள். 10 ரூபாய்க்கு நீதிமன்ற வில்லை ஒட்டினால் போதும். கோயம்புத்தூரில் நிலத்தைப் பற்றி இவ்வளவு மலிவாக வேறெதையும் தெரிந்துகொள்ள முடியாதுங்க.